நூற்று நாலும் ஆயிரத்துப் பன்னிரண்டும்

ஜூன் 3, செவ்வாய்

இன்று சக கைதி இசக்கிராஜாவின் பல் ஒன்று கீபோர்டுக்குள் விழுந்துவிட்டது. காஜா பாய் கீபோர்டைக் கவிழ்த்துப் பிடித்துத் தட்டித் தட்டி அதை வெளியே எடுத்தார்.

விழுந்தது என் குத்தில்தான். நாங்கள் பாடுபட்டு அடித்து வைத்திருந்த ஃபைலை அவன் அழித்துவிட்டுச் சிரித்தான். "கம்ப்யூட்டரு ஒங்க அப்பன் சம்பாரிச்சதால?" என்றான். என் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். அவர் பேச்சை எடுத்தால் என் கை என்னிடம் கேட்டுக்கொண்டு ஓங்காது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்த பிறகும் இரண்டு மிதி மிதித்தேன். அதற்கு வார்டர்கள் என்னைக் குப்புறப் படுக்க வைத்து உள்ளங்காலைப் பழுக்க வைத்துவிட்டார்கள். சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

எழுதச் சொன்னவர் வித்யாசாகர் சார். சனிக்கிழமைதோறும் எங்கள் சிறைக்கு வந்து கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார். வெளியே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. செய்கிற வேலையைத் தேதி போட்டு எழுதி வையுங்கள், ஒன்றும் தெரியாதவன் படித்தாலும் புரியவேண்டும் என்றார். சரி. நான் ரீகன். தூத்துக்குடிக்காரன். ஆயுள் தண்டனை. பழைய பிளாக், எண் 104. காஜா மைதீன் பாய் என் அறைக்காரர். மேலப்பாளையத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். எண் 117. கடை வாசலில் நடந்த வாய்த்தகராறில் ஒருவனை ஒரே ஒரு தள்ளு தள்ளினார், அவன் படியில் மண்டை உடைந்து செத்துப்போனான்.

நாங்கள் இருவரும் ஜாவாஸ்கிரிப்ட் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு சின்ன லைப்ரரி எழுதுகிறோம். புத்தகம் வைக்கிற லைப்ரரி அல்ல. அடிக்கடி தேவைப்படுகிற சில்லறை வேலைகளை ஒருமுறை எழுதி ஒரே ஃபைலில் வைத்துக்கொள்வது. வெளியே இருக்கிறவர்கள் இதையெல்லாம் இன்டர்நெட்டிலிருந்து இறக்கிக்கொள்கிறார்களாம். இங்கே இன்டர்நெட் கிடையாது, வெறும் பிரவுசர் மட்டும்தான். அதனால் எல்லாவற்றையும் நாங்களே எழுதவேண்டும். எழுதினால்தான் மண்டையில் ஏறும் என்கிறார் சார்.

அந்த ஃபைலைத்தான் அந்த நாய் அழித்தது. மறுபடியும் முதலிலிருந்து.

ஜூன் 5, வியாழன்

லைப்ரரிக்கு "அரிவாள்மனை" என்று பெயர் வைத்தோம். பாய் ஏதோ கௌரவமான பெயராகச் சொன்னார். நான் விடவில்லை. நான் மீன் ஏலக்கூடத்தில் வளர்ந்தவன். மீன் வந்தால் செதில் எடுக்கவேண்டும், தலையை வெட்டவேண்டும், கூறு போடவேண்டும். கம்ப்யூட்டரில் செய்வதும் அதே வேலைதான். ஒவ்வொரு வேலைக்கும் எழுதுகிற கட்டளைகளை ஃபங்ஷன் என்பார்கள். ஒரு சொல்லின் முன்னாலும் பின்னாலும் ஒட்டிக்கொண்டிருக்கிற வெற்றிடத்தை எடுக்கிற ஃபங்ஷனுக்குப் பெயர் "செதில்". நீளமான பட்டியலைப் பத்துப் பத்தாகப் பிரிப்பது "கூறு". எண்களை வரிசைப்படுத்துவது "அடுக்கு".

பாய்க்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த ஃபங்ஷனும் கொடுத்த பட்டியலை மாற்றக்கூடாது, நகல் எடுத்துக்கொண்டு அதில்தான் வெட்டவேண்டும்.

"அசலுல கைய வச்சா பெறகு திரும்பக் கெடைக்காதுல. அப்ப ஒக்காந்து அழ வேண்டியதுதான்" என்கிறார்.

செல்போன் திருகாணியைக் கழற்றிப் பழகின விரல்கள். நான் ஒரு வரி அடிப்பதற்குள் அவர் மூன்று வரி அடித்துவிடுவார். எரிச்சலாக வரும். ஆனால் அவரை அடிக்கத் தோன்றியதில்லை.

குளிக்கிற இடத்தில் ஒருவனுடைய காதை இன்னொருவன் கடித்துத் துப்பினான். சோப்புக்காக. நாங்கள் வாளியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுக் குளித்து முடித்தோம்.

ஜூன் 7, சனி

சார் வந்தார். என் காலைப் பார்த்து முகம் சுண்டிப்போனார். எப்படி உள்ளே வந்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன், சிறை முழுக்கத் தெரிந்த கதைதானே.

ஐஸ் கம்பெனித் தகராறில் என் அண்ணன் ஜெரால்டைப் பொன்வேலும் அவன் மாமனும் சேர்ந்து குத்தினார்கள். குத்தி, மீன் பெட்டிக்குள் போட்டு, மேலே ஐஸ் கொட்டி மூடிவிட்டார்கள். அண்ணன் உடனே சாகவில்லை. பெட்டியின் உள்பக்கம் முழுக்க நகக்கீறல். அந்தப் பெட்டியைத் திறந்தவன் நான்.

மாமனை நான் முடித்தேன். பொன்வேல் ஓடிப்போய் சரணடைந்துவிட்டான். அவனும் இதே சிறையில்தான் இருக்கிறான். புது பிளாக், எண் 1012. எங்கள் பழைய பிளாக்கில் எல்லாருக்கும் மூன்று இலக்க எண். புது பிளாக்கில் எல்லாருக்கும் நான்கு இலக்கம். இரண்டு பிளாக்கையும் ஒன்றாகத் திறக்க மாட்டார்கள். நடுவில் ஒரு சுவர். அந்தப் பக்கம் எவன் இருமினாலும் அவன்தான் இருமுகிறான் என்று எனக்குத் தோன்றும்.

அவனைக் கொல்லாமல் நான் சாக மாட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

சார் கிளம்பும்போது மேலே எழுதியதைப் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"ரீகன், இந்த மாதிரி எழுதினா நான் ஆபீஸ்ல சொல்லியே ஆகணும். இன்னைக்கி நான் படிக்கல. இனிமே வேலைய மட்டும் எழுதுங்க."

சரி சார். வேலையை மட்டும் எழுதுகிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

"கூறு" முடிந்தது. பருப்பில் புழு.

ஜூன் 14, சனி

சாப்பாட்டு வரிசையில் ஒருவன் கொதிக்கிற பருப்பை இன்னொருவன் முகத்தில் ஊற்றினான். தோல் உரிந்து தொங்கியது. விசில் ஊதி எல்லாரையும் உட்கார வைத்துவிட்டார்கள். நாங்கள் கம்ப்யூட்டர் அறைக்கு வரத் தாமதமாகிவிட்டது.

சார் ஜெயிலர் தில்லைநாயகத்தை அழைத்து வந்து எங்கள் அரிவாள்மனையைக் காட்டினார். ஜெயிலருக்குச் செதிலில் அக்கறையில்லை. அடுக்கையும் கூறையும் பார்த்ததும் கண் விரிந்துவிட்டது. இங்கே உறவுக்காரர்களைப் பார்ப்பதை மனு என்போம். மனு நாளில் யார் யாருக்கு ஆள் வந்திருக்கிறது என்று எண்களை எழுதி, வரிசைப்படுத்தி, பத்துப் பத்துப் பேராக அனுப்பவேண்டும். அதை இதுவரைக்கும் ஏட்டையாதான் கையால் எழுதிக்கொண்டிருந்தார்.

"எண் வரிசையில போனாலே போதும்யா. பழைய பிளாக் முதல்ல முடிஞ்சிரும், புது பிளாக் கடைசில வரும். மோதிக்கவே மாட்டானுங்க. மேலதிகாரி ஆய்வுக்கு வர்றாரு, அதுக்குள்ள இத ஓட்டிக் காட்டணும்" என்றார் ஜெயிலர்.

பாய்க்குத் தலைகால் புரியவில்லை. முன்விடுதலைப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. நன்னடத்தை என்று ஜெயிலர் ஒரு வரி எழுதினால் அவர் வீட்டுக்குப் போய்விடலாம். உள்ளே இருக்கும்போது புதிதாக ஒரு வழக்கு விழுந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். அதனால் பாய் யாருடைய நிழலையும் மிதிக்க மாட்டார். அவர் மகள் சபீனா அடுத்த வருஷம் காலேஜுக்குப் போகிறாள்.

சார் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போகிறார். சில வாரம் வர மாட்டார்.

ஜூன் 18, புதன்

முதல் முறையாக மனுவுக்கு எங்கள் பட்டியல் ஓடியது. புது பிளாக்கில் ஒரு கத்திக்குத்து நடந்து அவர்களை அடைத்து வைத்திருந்ததால் பழைய பிளாக் மட்டும்தான். நாங்கள் சோதித்துப் பார்த்ததும் எங்கள் பிளாக் எண்களை வைத்துத்தான், வேறு எண்கள் எங்களுக்கு என்ன தெரியும்? எல்லாம் வரிசையாக வந்தன. ஜெயிலர் டீ வாங்கிக் கொடுத்தார். சிறைக்கு வந்த பிறகு ஒரு அதிகாரி கையால் நான் வாங்கின முதல் நல்ல பொருள் அது. வாயில் வைத்ததும் கண் கலங்கிவிட்டது, வெட்கமாக இருந்தது.

ஜூன் 23, திங்கள்

பாய் தொழுகைக்குப் போயிருந்தார். நான் தனியாக உட்கார்ந்து சும்மா புது பிளாக் எண்கள் சிலவற்றைப் போட்டுப் பார்த்தேன். தெரிந்த எண்தான்.

தப்பாக வந்தது. 104-க்கு முன்னால் 1012 வந்து நின்றது.

கொஞ்ச நேரம் மண்டை காய்ந்தது. சார் கொடுத்துவிட்டுப் போன புத்தகத்தைப் பார்த்த பிறகு புரிந்தது. ஜாவாஸ்கிரிப்டில் ஏற்கனவே இருக்கிற வரிசைப்படுத்தும் கட்டளையைத்தான் நாங்கள் "அடுக்கு" உள்ளே வைத்திருக்கிறோம். அதற்கு வேறு எதுவும் சொல்லாவிட்டால் எண்ணை எண்ணாகப் பார்க்காது. அகராதியில் சொற்களை அடுக்குகிற மாதிரி முதல் இலக்கம், இரண்டாம் இலக்கம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடும். ஒன்று, பூஜ்யம் வரைக்கும் இரண்டு எண்ணும் ஒன்றுதான். மூன்றாவது இடத்தில் இவனுக்கு ஒன்று, எனக்கு நான்கு. அதனால் ஆயிரத்துப் பன்னிரண்டு முதலில், நூற்று நாலு பின்னால். மூன்று இலக்க எண்களை மட்டும் போட்டால் இந்தத் தப்பு தெரியவே தெரியாது.

கூறு போட்டுப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒரே கூறில்.

ஒரு வரி மாற்றினால் சரியாகிவிடும். சின்ன வேலை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று "ஒருமுறை" என்கிற ஃபங்ஷனை எழுதினோம். ஒரு வேலையை எத்தனை தடவை கூப்பிட்டாலும் முதல் தடவை மட்டும்தான் செய்யும், அதற்குப் பிறகு செய்யாது. நன்றாக வந்திருக்கிறது.

"அடுக்கு" பக்கம் போக நேரமில்லை.

சமையற்கட்டில் ஆள் வேண்டும் என்றார்கள். நான் கை தூக்கினேன். "நீ எதுக்குல அந்த வெக்கையில போயி சாவுற?" என்றார் பாய். உடம்புக்கு வேலை வேண்டும் என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

சமையற்கட்டில் இரும்புக் கரண்டி ஒன்று குறைகிறதாம். எங்கள் எல்லாரையும் உடுப்பை அவிழ்த்து நிற்க வைத்துத் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஆளாளுக்கு அடி. முருகையா என்கிற சமையல்காரர் வயசாளி, கையை நீட்டச் சொல்லி அடித்ததில் அவர் சுண்டுவிரல் ஒடிந்தது. எவன் எடுத்தானோ. முருகையா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஏன் அவரைப் பார்க்கவேண்டும்?

அறைக்கு வந்ததும் பாய் தரையைத் தடவிப் பார்த்தார்.

"சிமிண்டு ஏன்ல இப்படித் தேஞ்சி கெடக்கு?"

"வாளி இழுத்திருப்பாங்க பாய்."

"நம்ம வாளி பிளாஸ்டிக்குல."

ஜூலை 1, செவ்வாய்

அம்மாவுக்குக் கடிதம் போட்டிருந்தேன். ஒன்பதாம் தேதி மனுவுக்கு வருகிறாளாம். வராதே, என்னை இந்தக் கோலத்தில் பார்க்காதே என்று நானேதான் அவளைத் தடுத்து வைத்திருந்தேன். பெற்றவளைப் பார்க்க ஆசை வரக்கூடாதா? ஆள் வந்தால்தானே பட்டியலில் எண் ஏறும்.

ஏட்டையா ஒரு மாத விடுப்பில் போய்விட்டார். புதிதாக வந்த வார்டர்களுக்கு யார் யாருக்குப் பகை என்று தெரியாது. எல்லாம் கம்ப்யூட்டர் பட்டியல்படிதான் என்று ஜெயிலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

பாய் திடீரென்று கேட்டார். "ஏல ரீகனு, அடுக்கு சரியா இருக்காடே?"

"சரியாத்தான் இருக்கு பாய்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேம்னு சொல்லுதேன்ல."

நான் எரிந்து விழுந்ததற்குச் சாயங்காலம் என் பங்கு வாழைப்பழத்தை அவர் தட்டில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

நாளை மனு. சட்டையைத் துவைத்துப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 12, சனி

கம்ப்யூட்டர் வகுப்பை மூடிவிட்டார்கள். சார் இனி வருவாரா தெரியாது. இதை இனி யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் உள்ளதை எழுதுகிறேன். இடது கையால் எழுதுகிறேன், வலது மணிக்கட்டை லத்தி பார்த்துக்கொண்டது.

ஒன்பதாம் தேதி பட்டியல் நான் நினைத்தபடியே வந்தது. வார்டர் எண்ணைக் கூப்பிடக் கூப்பிட நாங்கள் போய் நின்றோம். 1012 என்றபோது அவன் எனக்கு இரண்டு ஆள் முன்னால் வந்து நின்றான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவன் பிடரியைப் பார்க்கிறேன். முடியெல்லாம் நரைத்திருந்தது. அண்ணனுக்கு நரைக்கவே இல்லை. கரண்டிக் காம்பைத் தீட்டித் தீட்டி ஊசி மாதிரி ஆக்கித் தொடையோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். பாய் எனக்குப் பின்னால் நின்றார். அவருக்கும் அன்றைக்கு மனு.

மனுக் கூண்டில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள், இந்தப் பக்கம் நாங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசுவதால் ஒன்றும் கேட்காது, எவனும் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கவும் மாட்டான். அம்மா என்னைத் தேடிக்கொண்டு வலையைப் பிடித்து நின்றாள். இளைத்துப்போயிருந்தாள். அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது தெரிந்தது. நான் அவள் பக்கம் திரும்பவில்லை. எந்த மனுவையும் தவறவிடாத பொன்வேலின் பெண்டாட்டி ஒரு பெண்பிள்ளையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் வலைக்குள் விரலை விட்டு அதன் காலைத் தொட்டுக்கொண்டிருந்தான்.

விலா எலும்புக்குக் கீழே குறி வைத்து ஒரே பாய்ச்சல். முனை அவன் சட்டையைக் கிழித்துத் தோலைக் கீறியது, அவ்வளவுதான். நடுவில் ஒரு கை வந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. ஒரு கை வந்துவிட்டது என்று தெரிந்தும் நிறுத்தவில்லை, இன்னும் பலமாக அழுத்தினேன். இரும்பு உள்ளங்கையில் ஏறிப் புறங்கை வழியாக வெளியே வந்தது. பாயின் கை. அவர் கத்தவில்லை. மற்றக் கையால் என் பிடியிலிருந்து காம்பைப் பிடுங்கினார். நாங்கள் கட்டிப் புரண்டோம். அவர் ரத்தம் என் வாயில் போனது. அந்த உப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

விசில் கேட்டது. வார்டர்கள் கண்மண் தெரியாமல் எல்லாரையும் அடித்தார்கள். கூட்டத்தை விலக்கிப் பார்த்தபோது கரண்டிக் காம்பு காஜா பாய் கையில் இருந்தது. ஒரு கையில் ஏறியிருந்தது, இன்னொரு கை அதைப் பிடித்திருந்தது. வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "வாப்பா, வாப்பா" என்று சபீனா அலறிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணெதிரே அவர் முதுகில் விழுந்த அடி எத்தனை என்று யாரும் எண்ணியிருக்க முடியாது.

உள்ளே எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எவன் அடித்தாலும், எவன் வெட்டினாலும், அதிகாரி கேட்டால் ஒருவனும் பெயர் சொல்ல மாட்டான். வெட்டுப்பட்டவனே சொல்ல மாட்டான். சொன்னவனை அவன் ஆட்களே அடித்துச் சாய்த்துவிடுவார்கள். பாயிடம் கேட்டார்கள், கூட்டத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றார். என்னிடம் கேட்டார்கள். எனக்கும் தெரியாது என்றேன்.

பாய் மேல் கொலைமுயற்சி வழக்கு. ஆயுதம் அவர் கையில் இருந்ததாம். முன்விடுதலைப் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள்.

ஜூலை 15, செவ்வாய்

சிறை ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி எடுத்துப் போகிறவனுக்கு என் வேட்டியைக் கொடுத்துவிட்டு அவனுக்குப் பதிலாக நான் போனேன். பாயின் வலது கை முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டிருந்தது. நரம்பு அறுந்துவிட்டதாம், இரண்டு விரல் இனி மடங்காதாம். கட்டிலோடு சேர்த்துச் சங்கிலி போட்டிருந்தார்கள்.

"பாய்" என்றேன்.

"எனக்குத் தெரியும்ல" என்றார். கண்ணைத் திறக்கவில்லை. "நீ போட்ட எண்ணு கம்ப்யூட்டர்லயே கெடந்துச்சி. நீ கண்டுபிடிச்ச அன்னைக்கி சாயங்காலமே நானும் போட்டுப் பாத்தேன். ஆயிரத்துப் பன்னெண்டு முன்னால வந்து நிக்கி. சரி, நீயே மாத்திருவேன்னு விட்டேன். தெனமும் தொறந்து பாத்தேன். மாத்தவே இல்ல நீ."

"நீங்க மாத்தியிருக்கலாம்லா பாய்?"

"மாத்துனா நிப்பியாலே நீ? இது இல்லன்னா இன்னொண்ணு பாப்ப. ஜெயிலர்ட்ட சொன்னா ஒன்னத் தனி அறையில போட்டு மிதிப்பான். ஒங்கூட ஒக்காந்து பேசி மனசத் திருப்பிரலாம்னு நெனச்சேன், பேச வாய் வரல. கிறுக்குப்பய நான். கூட வந்து நின்னா கையப் புடிச்சி நிறுத்திரலாம்னு நெனச்சேன் பாரு, என்னையச் செருப்பால அடிக்கணும்."

நான் அவர் காலைத் தொட்டேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"எம்மவ பாத்துட்டாலே. அவ பாத்துட்டா. இனிமே அவ மனுவுக்கு வரமாட்டா. நீ எம்மூஞ்சில முழிக்காத, போயிரு."

கஞ்சியை வைத்தேன். இடது கையால் அதைத் தட்டிவிட்டார். சூடான கஞ்சி என் காலில் கொட்டியது. நான் அப்படியே நின்றேன், கொட்டட்டும் என்றுதான் நின்றேன். போலே என்று கத்தினார். வந்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

ஜெயிலரைப் பார்த்து, அந்தப் பட்டியலில் ஒரு தப்பு இருக்கிறது, அது எனக்கு முன்னாலேயே தெரியும் என்று சொல்லப் போனேன். பாதியிலேயே கன்னத்தில் ஒன்று வைத்தார்.

"என்னடா தப்பு? பட்டியல்ல ஒரு தப்பும் இல்ல. ஆய்வு முடிஞ்சி நல்லபடியா எழுதிட்டுப் போயிட்டாங்க. கம்ப்யூட்டர்னு இன்னொரு தடவ வாயத் தொறந்தேன்னு வையி, பல்லு ஒண்ணும் இருக்காது."

பட்டியல் தப்பு என்றால் அதை ஓட்டச் சொன்னவர் அவர். அவர் வேலை போய்விடும். அவர் கவலை அவருக்கு.

ஜூலை 18, வெள்ளி

விசாரணைக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால் பொன்வேல் நிற்கிறான்.

நான்கு அடி தூரம். விலங்கு போட்டிருந்தாலும் நெற்றியால் அவன் மூக்கை உடைத்திருக்கலாம். ஆனால் அவன் முகத்தில் உடைக்க ஒன்றும் மிச்சமில்லை. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, உதடு கிழிந்து தையல் போட்டிருந்தது. அவனை அடித்தது அவன் ஆட்கள்தான். அவன் வாயைத் திறந்து பெயர் சொல்லிவிட்டானாம்.

அதிகாரி ஒரு தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இவன் சொல்றான், குத்த வந்தது நீதானாம். அந்த காஜா மைதீன் குறுக்க கைய குடுத்துத் தடுத்தாராம். ஆயுதம் உன்னோடதாம்."

நான் பொன்வேலைப் பார்த்தேன்.

"அந்த பாய் கையக் குடுக்கலன்னா நான் எம்புள்ள முன்னாலயே செத்திருப்பேன்யா" என்றான் அவன். கிழிந்த உதட்டால் பேசியதில் எச்சிலும் ரத்தமும் சேர்ந்து வந்தன. "அந்த மனுசன் உள்ள கெடக்கக் கூடாது. அதான் சொன்னேன். என்ன இன்னும் அடிச்சாலும் இதத்தான் சொல்லுவேன்."

அதிகாரி தாளை மூடினார். "இங்க பாரு, இவன் உன் அண்ணனைக் கொன்னவன். நீ இவன் மாமனைக் கொன்னவன். பகைக்காரன் உன் மேல பழி போடுறான்னுதான் எழுத முடியும். இவன் பேச்ச மட்டும் வச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது. நீ இல்லைன்னு சொன்னா காஜா மைதீன் மேல இருக்கிற வழக்கு அப்படியே நிக்கும். என்ன சொல்ற?"

ஜெயிலர் சுவரோரம் நின்று என்னை முறைத்தார். இல்லை என்று தலையாட்டினால் போதும். இல்லை என்றால் நான் ஒருநாள் வெளியே போவேன், அம்மா சாகிறதுக்கு முன்னால் அவள் கையால் சோறு தின்பேன். ஆமாம் என்றால் இந்தச் சுவருக்குள்ளேதான் என் பிணம் விழும்.

அதுகூடப் பெரிதில்லை. எங்கள் அண்ணன் கொலை வழக்கில் இவன் கோர்ட்டில் நின்று, ஜெரால்டுதான் முதலில் அரிவாளை ஓங்கினான் என்று பொய் சொன்னான். அன்றைக்கு அம்மா பெஞ்சிலிருந்து எழுந்து, இவன் வாயில் வருகிற ஒரு சொல்லும் உண்மை கிடையாது என்று மாதா மேல் ஆணையிட்டுக் கத்தினாள். அவளை வெளியே இழுத்துப் போனார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. இவன் வாயைத் திறந்தால் பொய். அந்த வாயிலிருந்து வந்ததை நான் இப்போது உண்மை என்று சொல்லவேண்டும். பாயின் கையில் இரும்பு ஏறின பிறகும் நான் அழுத்தினேனே, அந்த அழுத்து என் கையில் அப்படியே இருந்தது.

"பொன்வேலு சொல்லுறது நெசம் சார்" என்றேன்.

பொன்வேல் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தான். ஒற்றைக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்ததும் அவன் கழுத்தைக் கடித்துத் துப்பவேண்டும் போல் எனக்கு வெறி வந்தது. எங்கள் அண்ணனுக்கு அழாத கண் அது.

அதிகாரி மேஜை ஓரத்தில் இருந்த டைப் அடிக்கிறவரைப் பார்த்தார். அவர் இன்னும் தாளைச் சொருகிக்கொண்டிருந்தார்.

"வாக்குமூலத்துல ஏறணும். திரும்பச் சொல்லு. முழுசா, பேர் எல்லாம் சேர்த்து, நிதானமா."

திரும்பச் சொன்னேன். பொன்வேலு சொல்லுறது நெசம். டைப் அடிக்கிறவருக்குப் பெயர் சரியாகக் காதில் விழவில்லை, யார் சொல்வது நிஜம் என்று கேட்டார். மூன்றாவது தடவையும் சொன்னேன்.